பீப்பாய் உருட்டும் குரங்கும் ஒரு பழைய லெப்டொப்பும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "அண்ணா, நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். முடிந்தால் கேம் விளையாட விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அவனுடைய மாமா சின்ன வயதில் டிவி கேமில் விளையாடிய குரங்கு ஆட்டத்தை, மேலே நின்று பரல் உருட்டுமே அதைத்தான், பிரவுசரிலேயே விளையாடலாம் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பழைய லெப்டொப். சத்தம் வருவதில்லை. சில நேரம் குதிக்கிற பட்டனை அழுத்தினாலும் ஆள் குதிப்பதில்லை. கரண்ட் போனால் ஆட்டமே மெதுவாகிறது. முதல் கட்டத்தையே தாண்ட முடியாமல் அழுகிறான். டேட்டா முடிந்துவிடுமோ, வைரஸ் வருமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, முதலில் மகனைக் கூப்பிட்டு, அவனுடைய விரலில் பெரிய பிழை இல்லை என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவன் சாவதில் ஒரு பங்கு கீபோர்டால் நடக்கிறது, ஒரு பங்கு லெப்டொப்பின் பட்டரியால் நடக்கிறது. மிச்சம் 'டொங்கி கொங்' என்ற அந்த ஆட்டத்தின் குணம். அது ஆளைச் சாகடிப்பதற்கென்றே செய்த ஆட்டம்.

ஏன் அப்படி என்றால், அது வீட்டுக்காகச் செய்ததல்ல. 1981இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி, கடைகளில் காசு போட்டு விளையாடும் பெட்டியாக 'டொங்கி கொங்'கை வெளியிட்டது. ஒருவன் ஒரு காசில் மணிக்கணக்கில் நின்றால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் புதிதாக வருகிறவனை இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே அனுப்பவேண்டும். ஆனால் 'இன்னும் ஒரு தரம் பார்ப்போம்' என்ற எண்ணத்தோடு அனுப்பவேண்டும். உங்கள் மகன் அழுதுகொண்டு திரும்பத் திரும்ப உட்காருகிறான் என்றால், நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கு பிசகவில்லை என்று அர்த்தம்.

அது பிறந்த கதையும் சுவையானது. நின்டெண்டோ அமெரிக்காவுக்கு 'ரேடார் ஸ்கோப்' என்ற வேறொரு ஆட்டப் பெட்டிகளை அனுப்பியது. அது எடுபடவில்லை, பெரும்பகுதி விற்காமல் கிடந்தது. அந்தப் பெட்டிகளையே வைத்து உள்ளே வேறு ஆட்டத்தை ஏற்றி விற்கலாம் என்று முடிவெடுத்து, அதுவரை ஒரு ஆட்டத்தையும் முழுதாக வடிவமைத்திராத ஷிகேரு மியமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் செய்ததுதான் இந்தக் குரங்கு, ஏணி, பீப்பாய் எல்லாம். அதில் குதிக்கிற சின்ன மனுசனுக்கு அப்போது 'ஜம்ப்மேன்' என்று பெயர். தொழில் தச்சு வேலை. பிறகு மரியோ ஆனவன் அவன்தான். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1980இல், 'ஸ்பேஸ் பெனிக்' என்று ஏணி ஏறும் ஆட்டம் ஒன்று வந்திருந்தது. அதில் குதிக்க முடியாது. தட்டுத் தட்டாக ஏறுவதோடு குதிப்பதையும் சேர்த்து உலகம் முழுக்கப் பிடிக்கவைத்தது டொங்கி கொங்தான்.

இனி உங்கள் லெப்டொப்புக்கு வருவோம். மாமா காட்டிய பக்கத்தில் இருப்பது உண்மையான ஆட்டமா என்பதை முதலில் பார்க்கவேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பிரவுசரில் 'டொங்கி கொங்' என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, 1981இன் அசல் நிரலே ஓடுவது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது இசட் 80 என்ற சிப். வேகம் சுமார் 3 மெகாஹேர்ட்ஸ். இன்றைய லெப்டொப்புக்கு அந்தச் சிப் பேசும் மொழி தெரியாது. அதனால் நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து, 'நான்தான் அந்தப் பழைய பெட்டி' என்று நடிக்கிறது. இதை எமுலேட்டர் என்கிறார்கள். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய 'மேம்' இந்த வேலைக்குப் பேர்போனது. அதைப் பிறகு பிரவுசருக்குள் ஓடும்படி மாற்றினார்கள். 2014 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நூலகம் நூற்றுக்கணக்கான பழைய காசுப்பெட்டி ஆட்டங்களை அப்படி ஒரே இடத்தில் திறந்துவிட்டது. 2017இல் பெரிய பிரவுசர்கள் எல்லாம் பெரிய மென்பொருளையும் பிரவுசருக்குள் வேகமாக ஓட்டும் வெப் அசெம்பிளி என்ற வசதியை ஏற்றுக்கொண்டபிறகு, பழைய லெப்டொப்பில்கூட இவை நல்ல வேகத்தில் ஓடுகின்றன.

இரண்டாவது வகை, யாரோ ஒருவர் அசலைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதியது. படம் அதேபோல இருக்கும், நடத்தை இருக்காது. மூன்றாவது, ஃபிளாஷ் காலத்து நகல்கள். ஃபிளாஷ் என்பது பிரவுசரில் ஆட்டமும் அசையும் படமும் ஓட்ட முன்பு பயன்பட்ட மென்பொருள். 2020 முடிவோடு ஃபிளாஷை நிறுத்தினார்கள்; 2021 ஜனவரியிலிருந்து பழைய ஃபிளாஷ் ஆட்டங்கள் வெறும் சாம்பல் பெட்டியாகத் தெரிந்தன. இப்போது 'ரஃபிள்' என்ற எமுலேட்டர் அவற்றில் பலவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்திருக்கிறது. (2000களின் நடுவில் நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு நெட் கபேயில் நின்றேன். ரியூஷன் விட்டு வருகிற பெடியன்கள் ஒரு மெசினுக்கு மூன்று பேராக உட்கார்ந்து விளையாடியதெல்லாம் ஃபிளாஷ்தான். அந்தச் சாம்பல் பெட்டியை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது.)

உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. அசல் ஆட்டம் காசு கேட்கும். எத்தனை தரம் கிளிக் செய்தாலும் தொடங்காது. 'மேம்' வழக்கப்படி 5ஐ அழுத்தினால் ஒரு காசு விழும், 1ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். கிளிக் செய்தவுடனே ஆட்டம் தொடங்கினால் அது பெரும்பாலும் நகல். இன்னொரு சோதனை, மகனைக் குதிக்கச் சொல்லி, ஆள் அந்தரத்தில் இருக்கும்போது மறுபக்க அம்புக்குறியை அழுத்தச் சொல்லுங்கள். அசலில் குதித்தால் குதித்ததுதான். நடுவில் திரும்ப முடியாது. திரும்பினால் அது நகல். நகலில் பழகுவது குற்றமில்லை. ஆனால் நான் கீழே சொல்லப்போகும் நுணுக்கங்கள் அசலுக்கு உரியவை, நகலில் பலிக்கும் என்று பொறுப்பெடுக்க மாட்டேன்.

அடுத்தது, அழுத்தியும் குதிக்காத பிரச்சினை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு இதுதான் முதலில் பிடிபட்டது. கல்லடியில் நான் இப்போது நடத்தும் திருத்துகடைக்கு 'கீபோர்ட் பழுது, கேமில் வேலை செய்யவில்லை' என்று வருகிறவற்றில் பல பழுதே இல்லாதவை. மலிவான கீபோர்டுகளிலும் பல லெப்டொப் கீபோர்டுகளிலும் ஒவ்வொரு விசைக்கும் தனி வயர் கிடையாது. வயல் வரம்புபோல நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் ஓடும். இரண்டு கோடு சந்திக்கிற இடத்தில் ஒரு விசை. இரண்டு விசையை ஒன்றாக அழுத்தினால் சிக்கலில்லை. மூன்றை அழுத்தும்போது, மூன்றாவது உண்மையா பொய்யா என்று கீபோர்டுக்கே குழப்பம் வந்து, அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் பார் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஸ்பேஸ் விழாத கீபோர்டுகள் ஏராளம்.

உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ஏணியை நெருங்கும்போது அவசரத்தில் மேல் அம்பை முன்கூட்டியே அழுத்திக்கொண்டு இடதுபக்கம் ஓடுவான். அந்த நேரம் பீப்பாய் வரும். ஸ்பேஸை அடிப்பான். ஆள் குதிக்கமாட்டான். அசல் பெட்டியில் இந்தச் சிக்கலே வராது, ஏனென்றால் அதில் இருந்த கைப்பிடி நாலு திசைக்கு மட்டுமே போகும். மேலேயும் இடதுபக்கமும் ஒன்றாகத் தள்ள வழியில்லை. ஆகவே மகனுக்குச் சொல்லவேண்டியது: ஒரு நேரத்தில் ஒரு அம்புதான். ஏணிக்கு நேரே வந்து, பக்க அம்பை விட்டுவிட்டு, பிறகு மேல் அம்பு. இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிச் சாவு குறையும்.

குதிக்கிற விசையை மாற்றமுடிந்தால் மாற்றுவதும் நல்லது. 'மேம்' வகையில் அது பெரும்பாலும் இடது கன்ட்ரோல் விசை. கன்ட்ரோல் விசைக்குப் பொதுவாகத் தனி வழி இருப்பதால் இந்த மூன்று விசைச் சிக்கல் குறைவு. ஆனால் அதற்கு வேறொரு ஆபத்து உண்டு: கன்ட்ரோலோடு டபிள்யூ பட்டால் அந்தப் பக்கமே மூடிவிடும். ஓல்ட் (Alt) விசையோடு இடது அம்பு பட்டால் பிரவுசர் முந்தின பக்கத்துக்குப் போய்விடும், ஆட்டமும் போய்விடும். ஒரு தரம் எஃப் 11ஐ அழுத்தி முழுத்திரைக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஆபத்து அதனால் போகாது, ஆனால் கண் வேறெங்கும் அலையாது.

சத்தம் வராதது நோயே இல்லை. 2018 வாக்கிலிருந்து குரோம், ஆள் ஒரு தரமாவது அந்தப் பக்கத்தைத் தொடும்வரை சத்தத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. விளம்பரங்கள் தானாகக் கத்தக்கூடாது என்பதற்காக. மற்றப் பிரவுசர்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஆட்டத்தின் படத்துக்கு மேலே மவுஸால் ஒரு கிளிக். அம்புக்குறியை அழுத்தும்போது ஆள் நகராமல் பக்கம் மேலும் கீழும் ஓடினால் அதற்கும் இதே மருந்து. புளூடூத் ஹெட்செட் வேண்டாம். சத்தம் படத்துக்குப் பிந்தி வரும், காதை நம்பிக் குதிக்கிற பிள்ளை ஏமாறும்.

கரண்ட் போகும்போது மெதுவாவது ஏன்? லெப்டொப் பட்டரிக்கு மாறியவுடன் விண்டோஸ் வேகத்தைக் குறைக்கிறது. குரோமிலும் 'எனர்ஜி சேவர்' என்று ஒன்று இருக்கிறது. பட்டரி குறையும்போது அது படம் ஓடும் வேகத்தையும் கட்டுப்படுத்தும். இந்த ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 60 படம் காட்டும். ஒரு படத்துக்கு 17 மில்லிசெக்கனுக்கும் குறைவு. அது 30 ஆகக் குறைந்தால் சில எமுலேட்டர்களில் ஆட்டமே அரை வேகத்துக்கு இறங்கும், சிலவற்றில் படம் தாவித் தாவி வரும். மெதுவாக ஓடினால் லேசுதானே என்று நினைக்கவேண்டாம். கை ஒரு தாளத்தில் பழகியிருக்கும். தாளம் மாறினால் பழகினவனுக்குத்தான் முதலில் தவறும். குரோமின் செட்டிங்கில் 'பெர்ஃபோமன்ஸ்' பகுதிக்குப் போய் எனர்ஜி சேவரை நிறுத்திவிடுங்கள், விண்டோஸ் 10 என்றால் பட்டரி அடையாளத்தை அழுத்தி வேகம் கூடிய பக்கத்துக்கு மாற்றுங்கள். பட்டரி சீக்கிரம் இறங்கும், அது வேறு கதை. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாகக் கரண்ட் வெட்டிய நாட்களில் என் மருமகன் பட்டரி பத்து வீதத்தில் கிடக்கும்போதும் விளையாடிப் பார்த்தான். குரங்குக்கே நித்திரை வந்ததுபோல இருந்தது.

வேகம் லெப்டொப்பில் போகிறதா ஆட்டத்தில் போகிறதா என்று தெரியாவிட்டால் ஒரு சின்னச் சோதனை. நெட்டை நிறுத்திவிட்டுக் குரோமில் ஏதாவது பக்கத்தைத் திறந்தால் ஒரு டைனோசர் வருமே, ஸ்பேஸை அழுத்தினால் ஓடும். அதில் கள்ளிச்செடிக்கு மேலால் குதித்துப் பாருங்கள். அங்கேயும் அழுத்தி நேரம் கழித்துக் குதித்தால் குறை லெப்டொப்பில். அங்கே உடனே குதித்து இங்கே பிந்தினால், அந்த ஆட்டப் பக்கம் சரியில்லை; வேறு இடம் பாருங்கள்.

டேட்டா பயம் வேண்டாம். யூடியூப் பார்ப்பதுபோல நிமிடத்துக்கு நிமிடம் இது டேட்டா இழுக்காது. தொடக்கத்தில் ஒரு தரம் இறங்கும், அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 1981இன் ஆட்டம் முழுதும் சில பத்து கிலோபைட். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படத்தைவிடச் சின்னது. அதை ஓட்டுவதற்கு வருகிற எமுலேட்டர்தான் பல மெகாபைட். இறங்கி முடிந்தபிறகு எல்லாம் லெப்டொப்புக்குள்ளேயே நடக்கும். உங்கள் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் என்பது எனக்குத் தெரியும். டவுன் பக்கத்து மாமாங்கம், கல்லடி மாதிரி இல்லை, வாவிக்கு மேற்கே இருக்கும் உங்கள் படுவான்கரை. ஆட்டம் தொடங்கியபிறகு சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்காது. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாமல் இருந்தால் போதும். ஆட்டத்தோடு சேர்ந்து விளம்பர வீடியோக்கள் ஓடுகிற பக்கம் என்றால் கதை வேறு. டேட்டாவைத் தின்பது அந்த விளம்பரம்.

வைரஸ் விசயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பிரவுசரில் ஓடும் ஆட்டத்துக்கு எதையும் டவுன்லோட் செய்யவேண்டியதில்லை, எதற்கும் அனுமதி கொடுக்கவேண்டியதில்லை. 'விளையாடுவதற்கு அலவ் அழுத்துங்கள்' என்று ஒரு பெட்டி வந்தால் அது நோட்டிஃபிகேசனுக்கான பொறி. பிறகு நாள் முழுதும் திரையின் மூலையில் 'உங்கள் கம்பியூட்டரில் வைரஸ்' என்று பொய் அறிவித்தல் வந்துகொண்டிருக்கும். போன மாதம் ஒரு ஐயா பயந்துபோய், அப்படி வந்த நம்பருக்கு எடுக்கப் பார்த்துவிட்டு நல்லவேளை என்னிடம் லெப்டொப்பைக் கொண்டுவந்தார். பேரன் ஏதோ ஒரு கேம் பக்கத்தில் அலவ் அழுத்தியிருந்தான். ஃபோர்மட் ஒன்றும் தேவைப்படவில்லை. குரோம் செட்டிங்கில் அந்த அனுமதியை எடுத்துவிட்டேன், ஐந்து நிமிட வேலை. ஆட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக 'ஸ்டார்ட்' என்று இருப்பது பல இடங்களில் ஆட்டத்தின் பட்டனே அல்ல. அதையும் மகனுக்குக் காட்டிக்கொடுங்கள்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். ஆட்டம் பழையது என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடவில்லை. உரிமை இன்றும் நின்டெண்டோவிடம்தான். ஏதோ ஒரு பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அவர்கள் அனுமதி கொடுத்ததாகாது. முறைப்படி விளையாட விரும்பினால் 2018இல் அவர்களுடைய 'ஸ்விட்ச்' என்ற கேம் கருவிக்கு அசல் காசுப்பெட்டி ஆட்டமே விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தக் கருவி வாங்கும் காசுக்கு நம் ஊரில் வேறு எத்தனையோ செலவு இருக்கிறது. தட்டு ஏறிக் குதிக்கிற ஆட்டம்தான் வேண்டுமென்றால் 'சூப்பர் டக்ஸ்' என்று பென்குயின் ஒன்று ஓடும் ஆட்டம் இருக்கிறது. திறந்த நிரலாக எழுதி இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதை லெப்டொப்பில் போட்டுவிட்டால் நெட்டே தேவையில்லை. என்னிடம் கேட்டால் பத்து வயசுப் பிள்ளைக்கு நான் அதைத்தான் முதலில் கொடுப்பேன். ஆனால் மாமா விளையாடிய குரங்குதான் வேண்டும் என்று அவன் நின்றால், அந்த ஆசையும் எனக்கு விளங்குகிறது.

சரி, முதல் கட்டம். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

திரையில் 25 மீற்றர் என்று காட்டும் கட்டம் அது. சாய்வான இரும்புத் தட்டுகள், நடுநடுவே ஏணிகள், மேலே குரங்கு, அதற்கும் மேலே அந்தப் பெண்பிள்ளை. தொடக்கத்திலேயே குரங்கு ஒரு பீப்பாயை நேர்கீழே போடும். அது கீழே இருக்கும் எண்ணெய் டிரம்மில் விழுந்து தீப்பிடிக்கும், அதிலிருந்து ஒரு நெருப்பு உருண்டை கிளம்பும். புதியவர்கள் எல்லோரும் மேலே பீப்பாயைப் பார்த்துக்கொண்டே கீழே தாமதிப்பார்கள். நெருப்பு பின்னால் வந்து பிடிக்கும். ஆகவே முதல் வேலை, தாமதிக்காமல் கீழ்த்தட்டை விட்டு ஏறிவிடுவது.

பீப்பாயைத் தாண்டுவதை எப்படிச் சொல்வது? கல்முனை சந்தைக்கு முன்னால் ரோட்டைக் கடக்கிறோமே, அதுபோல. கடக்கத் தெரிந்தவர் தனக்கு முன்னால் வரும் ஓட்டோவைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் வரும் பஸ்ஸைத்தான் பார்ப்பார். மகன் தனக்குக் கிட்ட வரும் பீப்பாயையே முறைத்துப் பார்க்கிறான்; அதைத் தாண்டி இறங்கும்போது அடுத்தது காலடியில் நிற்கிறது. குதித்தபிறகு திசை மாற்ற முடியாத ஆட்டத்தில், இறங்கும் இடத்தைக் குதிக்கும் முன்பே பார்த்திருக்கவேண்டும். கண் எப்போதும் ஒரு தட்டு மேலே இருக்கட்டும். நின்ற இடத்திலேயே நேராக மேலே குதித்தாலும் பீப்பாய் கீழால் போய்விடும். ஒரு பீப்பாய்க்கு 100 புள்ளி. ஓடிக் குதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பயந்த பிள்ளைக்கு நின்று குதிப்பதுதான் நல்ல தொடக்கம்.

ஏணி தனி வில்லங்கம். மேல்தட்டில் உருண்டு வரும் பீப்பாய் ஏணித் தலைக்கு வரும்போது, நேரே போவதா ஏணியில் இறங்குவதா என்று அந்த நேரத்தில் முடிவெடுக்கும். அதில் ஓரளவு தற்செயல் இருக்கிறது, ஆனால் முழுக்கத் தற்செயல் இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்பதையும் நிரல் பார்க்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் இதை வைத்தே பீப்பாயைத் தமக்கு வேண்டிய வழியில் திருப்புகிறார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஏணியிலோ அதற்கு நேர் கீழேயோ நிற்கும்போது மேலே பீப்பாய் வந்தால், அது இறங்கி வரும் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். ஏணித் தலையைப் பீப்பாய் தாண்டிப் போனபிறகு ஏறுங்கள். உடைந்த ஏணியில் நம் ஆள் மேலே போய்ச் சேரமுடியாது, பீப்பாய்க்கு அந்தத் தடை இல்லை. அநியாயம்தான்.

சுத்தியலைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் விடமாட்டார்கள். அதை எடுத்தால் பீப்பாயை உடைக்கலாம், புள்ளி வரும், பாட்டும் மாறும். ஆனால் சுத்தியல் கையில் இருக்கும்வரை குதிக்கவும் முடியாது, ஏணி ஏறவும் முடியாது. சுத்தியல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருப்பதால், அது மேலே இருக்கும் நொடியில் முன்னால் வரும் பீப்பாய் காலில் அடித்துவிடும். முதுகுப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கிடையில் போனஸ் எண் 5000இலிருந்து நூறு நூறாக இறங்கிக்கொண்டே இருக்கும், பூச்சியம் வந்தால் உயிர் போகும். கட்டத்தைத் தாண்டுவதுதான் நோக்கம் என்றால் முதல் சில நாளுக்குச் சுத்தியலைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கமாட்டான், அது எனக்கும் தெரியும்.

இன்னொன்று, இந்த ஆள் பிற்கால மரியோ மாதிரி உயரத்திலிருந்து குதித்துத் தப்பிக்கிற ஆள் இல்லை. தன் உயரமளவு விழுந்தாலே செத்துப்போவான். மாமா பிறகு வந்த மரியோ ஆட்டங்களையும் விளையாடியிருந்தால், பிள்ளைக்குத் தப்பான பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும்.

முதல் கட்டம் முடிந்ததும் வருவது எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. ஜப்பான் பதிப்பில் 25, 50, 75, 100 மீற்றர் என்று வரிசையாகப் போகும். அமெரிக்கப் பதிப்பில் 25 முடிந்தவுடன் நேரே 100க்குப் போய்விடும், அதோடு முதல் சுற்று முடிந்துவிடும். நாலு கட்டத்தையும் பார்க்க மூன்றாம் சுற்றுவரை உயிரோடு இருக்கவேண்டும். அதனால்தான் 'இந்த ஆட்டத்தில் இரண்டே கட்டம்தான்' என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். 100 மீற்றர் கட்டத்தில் எட்டு ஆணிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலாலும் நடந்துபோனால் ஆணி கழன்றுவிடும். எட்டும் கழன்றால் குரங்கு தலைகீழாக விழும். உண்மையில் இது முதல் கட்டத்தைவிடச் சில பிள்ளைகளுக்கு இலகு, பீப்பாயே கிடையாது, அலைகிற நெருப்புகள் மட்டும்தான்.

இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா என்று மகன் கேட்பான், எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி. எழுதியவர்கள் முடிவு வைக்கவில்லை. ஆனால் 22ஆம் சுற்றில் அது தானாகவே முடிந்துவிடும். சுற்றின் எண்ணோடு 4ஐக் கூட்டி 10ஆல் பெருக்கி, போனஸ் நேரத்தை ஆட்டம் கணக்கிடுகிறது. 22ஆம் சுற்றில் அது 260. ஆனால் அந்தச் சிப்பில் ஒரு பைட்டுக்குள், அதாவது எண்ணை வைக்கும் சின்ன அறைக்குள், 255க்கு மேல் எண் அடங்காது. 256 கழிந்து மிஞ்சுவது 4. சில நொடியில் நேரம் முடிந்து, எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஆள் விழுந்துவிடுவான். பிரவுசரில் ஓடுவது அசல் நிரல் என்றால் இந்தப் பிழையும் அப்படியே இருக்கும். புலமைப்பரிசிலுக்குக் கணக்குப் படித்த பிள்ளைக்கு இதைக் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள், அவனே செய்துவிடுவான்.

போனிலும் விளையாடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அசல் பெட்டியின் திரை நெட்டாக நிற்கும்; அகலம் 224 புள்ளி, உயரம் 256. அதனால் லெப்டொப்பில் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். அதை இழுத்து விரிக்கவேண்டாம், விரித்தால் தூரக் கணக்குக் கண்ணை ஏமாற்றும். போனின் வடிவம் இதற்குப் பொருத்தம்தான், ஆனால் கண்ணாடியில் பெருவிரல் எங்கே நிற்கிறது என்று விரலுக்கே தெரியாது. ஒரு சாதாரண யூஎஸ்பி கேம்பேட் கிடைத்தால் லெப்டொப்பில் செருகுங்கள். இன்றைய பிரவுசர்கள் பெரும்பாலும் அதை அடையாளம் கண்டுகொள்ளும், ஒரு பட்டனை அழுத்தியபிறகுதான் தெரியவரும். அதிலும் குண்டுக் கைப்பிடியை விட்டுவிட்டு, சிலுவை வடிவப் பட்டனைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நாலு திசைதான், அசல் மாதிரியே.

எடுத்த புள்ளியை அடுத்தநாள் காணவில்லை என்று அழுதால் பயப்படவேண்டாம். சில பக்கங்கள் பிரவுசருக்குள் சேமித்து வைக்கும், பல பக்கங்கள் வைக்காது. தடம் எதையும் சேமிக்காத இன்கொக்னிட்டோ முறையில் திறந்திருந்தால் மூடியவுடன் போய்விடும். ஒரு கொப்பியில் திகதியும் புள்ளியும் எழுதி வைக்கட்டும். 7000 தாண்டினால் வழக்கமாக ஒரு உயிர் கூடும், அதை முதல் இலக்காக வைக்கலாம்.

75 மீற்றர் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் திரும்ப எழுதுங்கள். அங்கே மேலால் துள்ளி வரும் ஸ்பிரிங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். என் மருமகன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.